பப்மெட்டில் தேடல் வரி எழுதுவது எப்படி? (சிங்கப்பூர் இந்தியப் பெண்கள், கர்ப்பகால நீரிழிவு)

மாலைப்பணி | செவ்வாய், இரவு 11:48

வணக்கம் எல்லாருக்கும். மகப்பேற்றுப் பிரிவில் தாதியாக இருக்கிறேன், பகுதிநேரமாக முதுநிலைப் படிப்பும் ஓடுகிறது. சிங்கப்பூர் இந்தியப் பெண்களுக்கு வரும் கர்ப்பகால நீரிழிவு பற்றி இதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் தேடித் தொகுத்து ஒப்படைப்பு எழுத வேண்டும். எப்படித் தேடினோம் என்பதையும் வரி வரியாகக் காட்டணுமாம், அதற்கும் மதிப்பெண் உண்டு. தேடலைப் பற்றி வகுப்பில் சொன்னது ஆண்ட் (இரண்டும் வேண்டும்), ஆர் (ஏதாவது ஒன்று போதும்), நாட் (இது வேண்டாம்) மூன்றையும் பெரிய எழுத்தில் போடுங்கள் என்பது மட்டும்தான்.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் நான் போட்ட வரி இது (இங்கே தமிழ் எழுத்து மட்டும்தான் என்பதால் அப்படியே ஒலிபெயர்க்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்):

கெஸ்டேஷனல் டயபெட்டிஸ் ஆண்ட் சிங்கப்பூர் ஆர் இந்தியன்* நாட் அமெரிக்கன்

அமெரிக்கப் பழங்குடியினரைப் பற்றிய கட்டுரைகள் நிறைய வந்ததால் கடைசியில் அந்த நாட் போட்டேன். அப்படியும் வந்து விழுவதற்குக் கணக்கே இல்லை. முதல் பக்கத்திலேயே மாம்பழப் பூச்சியைப் பற்றி ஒரு கட்டுரை. எங்கே கோளாறு?

---

ஈசூன்வாசி | புதன், காலை 7:15

இதுக்கெல்லாம் ஏன் மெனக்கெடணும் அக்கா, கூகுள் ஸ்காலர்ல "சிங்கப்பூர் இந்தியன் கெஸ்டேஷனல் டயபெட்டிஸ்"னு போட்டால் முதல் மூணு பக்கத்துலயே வேண்டியது கிடைச்சுடும். என் பட்டப்படிப்பு முழுக்க அப்படித்தான் ஓட்டினேன். எம்ஆர்டியில் வரும்போதே கைப்பேசியில் முடிச்சிடலாம்.

---

நூலகப்பூச்சி | புதன், காலை 9:02

மாலைப்பணி, உங்கள் வரியைப் பப்மெட் எப்படிப் படிக்கிறது என்று பாருங்கள், மாம்பழப் பூச்சி வந்த வழி தெரிந்துவிடும்.

பப்மெட்டுக்கு ஆண்ட் பெரியது ஆர் சின்னது என்ற கணக்கெல்லாம் கிடையாது. இடமிருந்து வலமாக வரிசையாகச் செய்துகொண்டே போகும். முதலில் கர்ப்பகால நீரிழிவும் சிங்கப்பூரும் சேர்ந்த கட்டுரைகளை எடுத்துக்கொண்டது, அதுவரைக்கும் சரி. அடுத்து ஆர் வருகிறது, அந்தக் குவியலோடு "இந்தியன்*" என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அத்தனையையும் கொட்டிவிட்டது. நீரிழிவு வேண்டும் என்ற நிபந்தனை அந்த இடத்திலேயே காலி. அடைப்புக்குறி போட்டால்தான் அது நிற்கும்: கெஸ்டேஷனல் டயபெட்டிஸ் ஆண்ட் (சிங்கப்பூர் ஆர் இந்தியன்*). இதுவும் உங்களுக்கு வேண்டிய கேள்வி இல்லை, ஏனென்றால் இது இந்தியாவில் நடந்த ஆய்வுகளையும் இழுத்து வரும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அடுத்தது அந்த உடுக்குறி. "இந்தியன்*" என்றால் இந்தியன், இந்தியன்ஸ் மட்டும் என்று நாம் நினைக்கிறோம். அதற்கு அந்த எழுத்துகளில் தொடங்கும் எந்தச் சொல்லும் ஒன்றுதான். இந்தியானா மாநிலம் வரும், இந்தியானாபொலிஸ் நகரம் வரும். எந்தப் புலத்தில், அதாவது பதிவின் எந்தப் பகுதியில், தேட வேண்டும் என்று நீங்கள் சொல்லாததால் இதழின் பெயரிலும் தேடும், ஆக "இந்தியன் ஜர்னல் ஆஃப்" என்று தொடங்கும் எத்தனையோ இதழ்களில் வந்த கட்டுரை எல்லாம் தலைப்பு என்னவாக இருந்தாலும் உள்ளே வந்துவிடும். உங்கள் பூச்சி அந்த வழியாகத்தான் வந்திருக்கும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. நாட் அமெரிக்கன். கர்ப்பகால நீரிழிவு ஆய்வு என்றால் எந்த அளவுகோலை வைத்து நோயைக் கணித்தார்கள் என்று சுருக்கத்தில் எழுதுவார்கள் இல்லையா? அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோல் என்று ஒரு நல்ல சிங்கப்பூர்க் கட்டுரை சொல்லியிருந்தால் நீங்கள் போட்ட நாட் அதையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டது. போனது போனதுதான், போனது என்று திரையில் எதுவும் சொல்லாது. வேண்டாதது வந்தால் கண்ணில் படும், வேண்டியது போனால் படாது. அதனால் நாட் போடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள், பெரும்பாலும் தேவையே படாது.

ஈசூன்வாசி தம்பி, ஸ்காலர் மோசம் என்று சொல்ல மாட்டேன், ஒரு கட்டுரையின் பெயர் பாதி தெரிந்தால் நானும் அங்கேதான் போவேன். ஆனால் அங்கே உடுக்குறி வேலை செய்யாது, தேடல் பெட்டியில் 256 எழுத்துக்கு மேல் ஏறாது, எத்தனை லட்சம் முடிவு என்று காட்டினாலும் 1000க்கு மேல் பார்க்க விடாது. இன்று போட்ட அதே சொல்லை அடுத்த வாரம் போட்டால் வரிசை மாறியிருக்கும். "எப்படித் தேடினீர்கள், நானும் அதே மாதிரி செய்து பார்க்கிறேன்" என்று ஒருவர் கேட்டால் அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இவருக்கு மதிப்பெண்ணே அதற்குத்தானே.

---

ஈசூன்வாசி | புதன், காலை 9:20

256 எழுத்து சமாச்சாரம் தெரியாது அண்ணே. சரி, ஓரமா உட்கார்ந்து பார்க்கிறேன்.

---

மாலைப்பணி | புதன், பிற்பகல் 1:33

அமெரிக்க நீரிழிவுச் சங்கம்! அது என் மனசுக்கு எட்டவே இல்லை. நாங்கள் வார்டில் தினமும் சொல்கிற பெயர்.

இரண்டு கேள்வி. புலம் புலம் என்கிறீர்களே, அதை எப்படிச் சொல்வது? அப்புறம் இந்த மெஷ் என்பது என்ன, அதைப் போட்டால் மற்ற சொற்கள் வேண்டாமா?

---

நூலகப்பூச்சி | புதன், மாலை 6:40

சொல்லுக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறிக்குள் புலத்தின் சுருக்கெழுத்து. தலைப்பிலும் சுருக்கத்திலும் ஆசிரியர் தந்த குறிச்சொற்களிலும் மட்டும் தேட [டிஐஏபி]. ஆசிரியர்கள் வேலை செய்யும் இடத்தின் முகவரியில் தேட [ஏடி]. வெளிவந்த ஆண்டுக்கு [டிபி], இடையில் முக்காற்புள்ளி போட்டு 2010:2024[டிபி] என்று எழுதலாம். இன்னும் நிறைய இருக்கின்றன, உங்களுக்கு இப்போதைக்கு இவையும் [எம்ஹெச்] ஒன்றும் போதும்.

அந்த [எம்ஹெச்] தான் மெஷ். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1960இலிருந்து வைத்திருக்கும் பொருள்தலைப்புப் பட்டியல். எழுதியவர் என்ன சொல்லைப் போட்டிருந்தாலும் கட்டுரை எதைப் பற்றியது என்று பார்த்து அந்தப் பட்டியலிலிருந்து தலைப்புகளைச் சூட்டுவார்கள். முன்பு ஆட்கள் உட்கார்ந்து படித்துச் சூட்டினார்கள், 2022க்குப் பிறகு பெரும்பாலும் கணினியே செய்கிறது. உங்கள் நோய்க்குரிய தலைப்பு "டயபெட்டிஸ், கெஸ்டேஷனல்", காற்புள்ளியோடு, பெயரைத் தலைகீழாகப் போட்டு. சிங்கப்பூருக்கும் தனித் தலைப்பு இருக்கிறது. மெஷ் மரம் மாதிரி கிளை விட்டுப் போவது, மேலே உள்ள தலைப்பைப் போட்டால் கீழே உள்ளவை தானாகவே சேர்ந்துகொள்ளும். தென்கிழக்காசியா என்று போட்டால் சிங்கப்பூரும் அதில் வந்துவிடும்.

மெஷ் மட்டும் போதுமா என்றால் போதாது. நேற்று வெளிவந்த கட்டுரைக்கு இன்னும் தலைப்பு சூட்டியிருக்க மாட்டார்கள், சில பதிவுகளுக்குக் கடைசிவரை சூட்டுவதே இல்லை. அதனால் மெஷ் ஒரு கை, [டிஐஏபி] ஒரு கை, இரண்டையும் ஆர் போட்டுக் கோப்பது. "மனிதர்" என்ற வடிகட்டியை ஓரத்தில் அழுத்தாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான், அது மெஷ்ஷை நம்பி வேலை செய்வது, புதிய கட்டுரைகளைச் சத்தமில்லாமல் கழித்துவிடும். மொழி வடிகட்டியில் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று. புலம் எதுவும் போடாமல் வெறும் சொல்லை அடித்தால் பப்மெட் தானாகவே சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளும். "ஹார்ட் அட்டாக்" என்று அடித்தால் மையோகார்டியல் இன்ஃபார்க்ஷன் என்ற மெஷ் தலைப்பையும் சேர்க்கும், பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலுக்கு அமெரிக்க எழுத்துக்கூட்டலையும் சேர்க்கும். [டிஐஏபி] போட்ட உடனே இந்த உதவியெல்லாம் நின்றுவிடும். நாம் இங்கே பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல், ஹைப்பர்கிளைசீமியாவை நடுவில் ஏ, இ இரண்டும் போட்டுத்தான் எழுதுவோம். அமெரிக்கர்கள் அந்த ஏ இல்லாமல் எழுதுவார்கள். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், அல்லது பிரியும் இடத்துக்கு முன்பே வெட்டி ஹைப்பர்கிளைக்* என்று உடுக்குறி போடுங்கள். குறைந்தது நான்கு எழுத்து இருந்தால்தான் பப்மெட்டில் உடுக்குறி செல்லும், இதில் அந்தக் கவலை இல்லை.

எல்லாவற்றையும் ஒரே வரியில் திணிக்காதீர்கள். மேம்பட்ட தேடல் பக்கத்துக்குப் போங்கள், அங்கே கீழே வரலாறு என்று ஓர் அட்டவணை இருக்கும். நோய் தொடர்பான சொற்களை எல்லாம் ஆர் போட்டு ஒரு தேடல், அது #1. சிங்கப்பூர் தொடர்பானவை #2. பிறகு #1 ஆண்ட் #2 என்று மட்டும் அடித்தால் போதும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும், அதை விரித்தால் நீங்கள் அடித்ததைப் பப்மெட் என்னவாகப் புரிந்துகொண்டது என்று முழுவதையும் எழுதிக் காட்டும். அதை ஒருமுறை படித்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும், ஆனால் அதைத் திறந்து பார்ப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

எட்டு மணி நேரம் தொடாமல் விட்டால் அந்த வரலாறு அழிந்துவிடும், பணிக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். கணக்குத் தொடங்கிச் சேமித்துவிடுங்கள்.

---

பொட்டலம் | புதன், இரவு 8:11

இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே. "இந்தத் தலைப்புக்குப் பப்மெட் தேடல் வரி எழுதிக்கொடு" என்றால் மெஷ், அடைப்புக்குறி எல்லாம் போட்டு அழகாக நீட்டிவிடுகிறது. நானும் நேற்று கேட்டுப் பார்த்தேன், பார்க்கச் சரியாகத்தான் இருந்தது.

---

நூலகப்பூச்சி | புதன், இரவு 8:30

பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். அது கொடுத்த மெஷ் தலைப்பு ஒவ்வொன்றையும் மெஷ் பட்டியலில் தேடிப் பாருங்கள், இல்லாத தலைப்பையும் இருப்பது போலவே எழுதிக்கொடுக்கும். சொற்களை யோசிப்பதற்குத் தாராளமாகக் கேளுங்கள், நமக்குத் தோன்றாத ஒன்றிரண்டு கிடைக்கும். வரியை மட்டும் நீங்களே கட்டுங்கள்.

---

வெள்ளைக்கோட்டு | புதன், இரவு 10:56

கொஞ்சம் குறுக்கிடுகிறேன். பூச்சி அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் "இந்தியன்" என்ற சொல்லை எப்படிச் சரியாக எழுதுவது என்பதற்கு முன்னால் அந்தச் சொல் தேவையா என்று கேட்க வேண்டும். எனக்குத் தேவை இல்லை என்றே தோன்றுகிறது.

சிங்கப்பூரில் நடக்கும் தாய்சேய் ஆய்வுகளில் எதை எடுத்தாலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று மூன்று இனமும் இருக்கும். ஆனால் சுருக்கத்தில் "பல இன ஆசியப் பெண்கள்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள், அதுவும் இல்லாமல் "சிங்கப்பூரில் கர்ப்பிணிகள்" என்று மட்டுமே போட்டுவிட்டுப் போவோரும் உண்டு. இந்தியப் பெண்களுக்கு என்ன ஆனது என்பது உள்ளே முதல் அட்டவணையில் ஒரு பத்தியில் இருக்கும். பப்மெட் கட்டுரையின் உள்ளே போய்த் தேடாது, தலைப்பு, சுருக்கம், பொருள்தலைப்பு, முகவரி மாதிரியானவற்றை மட்டும்தான் தேடும். அப்படியானால் "ஆண்ட் இந்தியன்" என்று போட்ட நிமிடமே உங்களுக்கு ரொம்ப வேண்டிய கட்டுரைகள் கழன்றுவிடும்.

கஸ்டோ ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 2009, 2010 வாக்கில் கர்ப்பிணிகளைச் சேர்த்துத் தொடங்கிய பெரிய ஆய்வு, மூன்று இனத்தவரும் அதில் உண்டு. அதிலிருந்து கர்ப்பகால நீரிழிவு பற்றியே பல கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் சுருக்கத்திலும் இந்தியர் என்ற சொல் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

என் யோசனை: நோய் ஒன்று, சிங்கப்பூர் ஒன்று, இரண்டு தொகுதியோடு நிறுத்துங்கள். சிங்கப்பூர் சின்ன ஊர், இந்த இரண்டையும் சேர்த்தால் வருவது ஒரு மனுஷி உட்கார்ந்து படித்துப் பார்க்கக்கூடிய அளவுதான். இனத்தைக் கண்ணால் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை, கஸ்டோ என்று வெறுமனே தேடிவிடாதீர்கள். மாரடைப்புக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை ஒப்பிட்ட 1990களின் பெரிய சோதனைக்கும் அதே பெயர்தான். இதயநோய்க் கட்டுரைகளாக வந்து குவியும்.

---

நூலகப்பூச்சி | வியாழன், காலை 8:47

ஒத்துக்கொள்கிறேன், பெரும்பகுதி. தேடுகிறவர்கள் கேள்வியில் இருக்கிற எல்லாச் சொல்லையும் ஆண்ட் போட்டுக் கோக்கப் பார்ப்பார்கள், ஒவ்வொரு ஆண்ட்டும் ஒரு கதவைச் சாத்துவது. நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவு என்று நான்காகப் பிரித்து எழுதச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்த நான்கையும் தேடலில் போடணும் என்று நினைக்க வைத்துவிடுகிறார்கள். கேள்வியைத் தெளிவுபடுத்திக்கொள்ள அது நல்ல முறை. தேடலுக்கு இரண்டு மூன்று தொகுதி போதும்.

ஆனால் சிங்கப்பூர் சின்ன ஊர் என்பதால்தான் வெள்ளைக்கோட்டு சொல்வது நடக்கும். இதே கேள்வியை இங்கிலாந்தில் இருக்கும் தெற்காசியப் பெண்களுக்குக் கேட்டால் இனத்தை விட்டுவிட முடியாது, மாதக்கணக்கில் படித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த மாதிரி நேரத்தில் அருகாமைத் தேடல் கைகொடுக்கும். 2022 நவம்பரில் பப்மெட்டில் சேர்த்தார்கள். மேற்கோள் குறிக்குள் இரண்டு சொல், பின்னால் சதுர அடைப்பில் புலம், முக்காற்புள்ளி, அலைக்குறி, ஓர் எண். "இந்தியன் சிங்கப்பூர்"[டிஐஏபி:~5] என்றால் இரண்டுக்கும் நடுவில் ஐந்து சொல் வரைக்கும் இருக்கலாம், எது முன்னால் வந்தாலும் சரி. அதற்குள் உடுக்குறி போட முடியாது, அதனால் இந்தியன் ஒருமுறை, இந்தியன்ஸ் ஒருமுறை என்று எழுத வேண்டியிருக்கும்.

சிங்கப்பூர்த் தொகுதிக்கு மெஷ், [டிஐஏபி] இரண்டோடு [ஏடி]யும் சேருங்கள். சுருக்கத்தில் ஊர்ப் பெயரே இல்லாமல் முகவரியில் மட்டும் இருக்கும் கட்டுரைகள் உண்டு. இங்கிருந்து எழுதிய எலி ஆராய்ச்சியும் சேர்ந்து வரும், பரவாயில்லை, தலைப்பைப் பார்த்தாலே தள்ளிவிடலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், 2014க்கு முந்தைய பதிவுகளில் பெரும்பாலும் முதல் ஆசிரியரின் முகவரி மட்டும்தான் இருக்கும்.

---

தீவுக்குரங்கு | வியாழன், பிற்பகல் 12:20

மதிய உணவு நேரத்தில் படித்தேன், நல்ல இழை. நான் மருத்துவத்துறை இல்லை, நிரல் எழுதுகிறவன், மனைவியின் ஆய்வுக்காகப் பப்மெட்டைக் கட்டளைவரியிலிருந்து தேட வேண்டியிருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இணையப் பக்கத்தில் போடும் அதே வரியை ஈ-யுடிலிட்டீஸ் என்ற இடைமுகத்துக்கு அனுப்பினால் பதிவு எண்களாகத் திருப்பித் தரும். இ-சர்ச் எண்களைத் தரும், இ-ஃபெட்ச் பதிவுகளைத் தரும். திறவுகோல் இல்லாமல் நொடிக்கு மூன்று கோரிக்கை, இலவசத் திறவுகோல் வாங்கிக்கொண்டால் பத்து. அதற்கு மேல் தட்டினால் மறுத்துவிடும். பப்மெட்டுக்கு இ-சர்ச் முதல் 10,000 பதிவோடு நிறுத்திவிடும், பெரிய தேடலை ஆண்டு வாரியாக உடைத்து அனுப்ப வேண்டியிருக்கும்.

வாராவாரம் ஒரே தேடலை ஓட்டி எண்ணிக்கையைக் குறித்து வைக்க எனக்கு வசதியாக இருந்தது. மாலைப்பணிக்கு இது தேவையில்லை. பப்மெட்டிலேயே தேடல் பெட்டிக்குக் கீழே எச்சரிக்கை உருவாக்கு என்று இருக்கும், புதிதாக எது வந்தாலும் மின்னஞ்சலில் வந்துவிடும்.

---

மாலைப்பணி | வியாழன், இரவு 11:59

இன்று பணி முடிந்து வந்து உட்கார்ந்து கட்டினேன். இது சரியா?

#1: "டயபெட்டிஸ், கெஸ்டேஷனல்"[எம்ஹெச்] ஆர் "கெஸ்டேஷனல் டயபெட்*"[டிஐஏபி] ஆர் ஜிடிஎம்[டிஐஏபி] ஆர் "கெஸ்டேஷனல் ஹைப்பர்கிளைக்*"[டிஐஏபி] ஆர் "டயபெட்டிஸ் பிரெக்னன்சி"[டிஐஏபி:~4]

#2: சிங்கப்பூர்[எம்ஹெச்] ஆர் சிங்கப்பூர்*[டிஐஏபி] ஆர் சிங்கப்பூர்[ஏடி]

#3: #1 ஆண்ட் #2

வெள்ளைக்கோட்டு சொன்ன மாதிரி இனத்தை எடுத்துவிட்டேன். வந்த அளவு படிக்கக்கூடியதாகத்தான் இருக்கிறது, பூச்சி ஒன்றும் இல்லை. என் மேற்பார்வையாளர் ஸ்கோப்பஸ், சினால் என்ற வேறு இரண்டு கட்டுரைத் தரவுத்தளங்களிலும் தேடச் சொல்கிறார், இதை அப்படியே ஒட்டிவிடலாமா? எதையாவது விட்டுவிட்டேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

நூலகப்பூச்சி | வெள்ளி, காலை 9:10

நன்றாக வந்திருக்கிறது. அந்த ~4 வரி வகை 1, வகை 2 நீரிழிவோடு கருத்தரித்தவர்களையும் கொண்டுவரும், அது பரவாயில்லை, அந்தக் கட்டுரைகள் இரண்டையும் ஒப்பிட்டும் எழுதியிருப்பார்கள்.

அப்படியே ஒட்டக்கூடாது. மெஷ் சினாலில் இல்லை, அவர்களுக்குத் தனிப் பொருள்தலைப்புகள் உண்டு. ஸ்கோப்பஸில் அப்படிப்பட்ட பட்டியலை நம்பித் தேடுவதே இல்லை, தலைப்பு, சுருக்கம், குறிச்சொல் மூன்றிலும் தேடும் கட்டளையைப் போட்டு அடைப்புக்குறிக்குள் சொற்களை எழுத வேண்டும். அங்கே இரட்டை மேற்கோள் என்றால் கொஞ்சம் நெகிழ்வாகத் தேடும், நெளி அடைப்புக்குறி போட்டால்தான் அச்சு அசலாக அதே சொற்றொடர். இன்னொரு விவகாரம், உங்கள் முதல் வரியை ஸ்கோப்பஸில் போட்டிருந்தால் வேறு விடை வந்திருக்கும், ஏனென்றால் அங்கே ஆர் முதலில், ஆண்ட் அதற்குப் பிறகு. அடைப்புக்குறி போட்டுவிட்டால் எங்கே போனாலும் ஒரே பொருள். ஓவிட் என்ற தேடல் தளத்தில் தேடுபவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அங்கே அருகாமைத் தேடலுக்கு ஏடிஜே3 என்றால் நடுவில் இரண்டு சொல் வரை, பப்மெட்டில் ~3 என்றால் நடுவில் மூன்று சொல் வரை. எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் ஒரு சொல் இடறும்.

வேர்டிலிருந்து வரியை நகல் எடுக்கும்போது சாய்ந்த மேற்கோள் குறிகள் ஒட்டிக்கொண்டு வரும், சில தளங்களுக்கு அது பிடிக்காது. நோட்பேடில் வைத்துக்கொள்ளுங்கள்.

விட்டுப்போனதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இந்தத் தலைப்புக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்த கட்டுரைகள் சிலவற்றின் பப்மெட் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளர் கொடுத்தவை, பழைய தொகுப்புக் கட்டுரைகளின் உசாத்துணையில் இருப்பவை, எதுவானாலும் சரி. அந்த எண்களை ஆர் போட்டுக் கோத்துத் தேடினால் அது #4. அடுத்து #4 நாட் #3. பூஜ்யம் வந்தால் நல்லது. ஏதாவது மிஞ்சினால் அதன் பதிவைத் திறந்து எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள், எந்த மெஷ் சூட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து #1ஐயோ #2ஐயோ திருத்துங்கள். நாட் உருப்படியாகப் பயன்படும் ஒரே இடம் இதுதான் என்பேன்.

---

பாலத்தடி | வெள்ளி, காலை 10:34

கொஞ்சம் பாதை மாறுகிறேன், மன்னிக்கவும். நான் தேடுவது தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில், பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில். அங்கே மெஷ்ஷும் கிடையாது ஒன்றும் கிடையாது, கணினி அச்சைப் பார்த்துப் படித்த எழுத்துதான். 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸின் மங்கிப்போன பக்கங்களை அது எப்படிப் படித்ததோ அப்படித்தான் நாம் தேட வேண்டும். தீபாவளியை இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள், தைப்பூசத்தை ஹெச் போட்டும் போடாமலும். 19ஆம் நூற்றாண்டில் தமிழ் என்று தேடினால் பாதிதான் வரும், அந்தக் காலத்துப் பத்திரிகைகள் நம்மவர்களைக் கிளிங் என்றே எழுதின. பிடிக்காவிட்டாலும் தேடல் பெட்டியில் அதைப் போட்டால்தான் ஆள் கிடைக்கிறார். எந்தத் தளமானாலும் எழுதியவர் என்ன சொல்லைப் போட்டிருப்பார் என்றுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

---

நூலகப்பூச்சி | வெள்ளி, காலை 10:50

இதற்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, நான் வருகிறேன். எனக்கும் அதில் கேட்க நிறைய இருக்கிறது.

---

மாலைப்பணி | சனி, மாலை 4:22

#4 நாட் #3 போட்டுப் பார்த்தேன். ஒரு கட்டுரை மிஞ்சியது. திறந்தால் தலைப்பில் "குளுக்கோஸ் இன்டாலரன்ஸ்", சுருக்கத்தில் கர்ப்பம், எங்கேயும் டயபெட்டிஸ் என்ற சொல்லே இல்லை, மெஷ்ஷும் சூட்டவில்லை. "குளுக்கோஸ் பிரெக்னன்சி"[டிஐஏபி:~4] என்று ஒன்றை #1இல் சேர்த்தேன், இப்போது பூஜ்யம். முடிவுகளும் தாங்கக்கூடிய அளவில்தான் கூடின.

ஒப்படைப்பில் இந்த வரிகளை எப்படிக் காட்டுவது? படம் எடுத்துப் போடலாமா?

---

வெள்ளைக்கோட்டு | சனி, மாலை 5:05

படம் வேண்டாம், அதிலிருந்து யாரும் நகல் எடுக்க முடியாது. வரிகளை எழுத்தாகவே பின்னிணைப்பில் போடுங்கள், தரவுத்தளத்தின் பெயர், எந்தத் தளத்தின் வழியாகத் திறந்தீர்கள், தேடிய தேதி, வரிக்கு வரி எத்தனை முடிவு. 2021இல் வந்த பிரிஸ்மா-எஸ் என்ற வழிகாட்டி கேட்பதும் இதைத்தான். பிறகு மூன்று தளத்து முடிவுகளையும் ஸொட்டெரோ என்ற உசாத்துணை மென்பொருளில் கொட்டி இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள், இலவசம்தான். நீக்குவதற்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள், அதையும் கேட்பார்கள்.

---

மாலைப்பணி | சனி, மாலை 5:31

சரி, குறித்துக்கொண்டேன். நாளை விடுமுறை, சினால் தலைப்புகளைப் பார்த்துவிட்டு அந்த வரியையும் இங்கே போடுகிறேன், பூச்சி அண்ணன் ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள்.

---

ஈசூன்வாசி | சனி, இரவு 7:48

அக்கா, அந்த #1ஐ அப்படியே ஸ்காலர்ல ஒட்டிப் பார்த்தேன். உடுக்குறியைக் கண்டுக்கவே இல்லை.